இங்கிலாந்தின் குதிரைப்பாதைகளில் மவுண்டன் பைக் ஓட்டுவோருக்கு ஒரு வழிகாட்டி

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் மவுண்டன் பைக் ஓட்ட விரும்புகிறவர் எந்த வண்டியை வாங்கலாம் என்று யோசிப்பதற்கு முன்னால், எந்தப் பாதையில் ஓட்டத் தமக்கு உரிமை உண்டு என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பார்வைக்குத் திறந்துகிடக்கும் குன்றுகளும் மேய்ச்சல் நிலங்களும் காடுகளும் ஏறக்குறைய எல்லாமே எவருக்கோ சொந்தமானவை. லேக் டிஸ்டிரிக்ட், பீக் டிஸ்டிரிக்ட் போன்ற தேசியப் பூங்காக்களுக்குள்ளும் நிலத்தின் பெரும்பகுதி அரசுடையது அன்று. அந்த நிலங்களின் ஊடே நூற்றாண்டுகளாக மக்கள் நடந்தும் குதிரையேறியும் சென்ற வழிகள் பொதுவழிகளாகச் சட்டப் பாதுகாப்புப் பெற்றிருக்கின்றன. அவற்றுள் ஒரு பகுதியில்தான் மிதிவண்டிக்கு இடமுண்டு. இந்த ஒன்றைச் சரியாகப் புரிந்துகொண்டவருக்கு, வேலியோரத்தில் எவருடனும் வாதிட வேண்டிய தேவையின்றி, நாள் முழுவதும் நிம்மதியாக ஓட்டக்கூடிய பாதைகள் ஏராளமாகக் கிடைக்கும்.

எந்தப் பாதை நமக்கு உரியது

பொதுவழிகள் நான்கு வகைப்படும். நடைவழி, அதாவது ஃபுட்பாத், நடப்பவர்களுக்கு மட்டுமே உரியது. அதன் அடையாளக் கம்பத்தில் மஞ்சள் அம்புக்குறி இருக்கும். குதிரைப்பாதை, அதாவது பிரைடில்வே, நடப்பவர்களுக்கும் குதிரையில் செல்பவர்களுக்கும் உரியது; 1968ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டத்தின் 30ஆம் பிரிவு அதில் மிதிவண்டியையும் அனுமதித்தது. இதற்கு நீல அம்புக்குறி. மோட்டார் வாகனங்களை விலக்கி மற்ற எல்லோரையும் அனுமதிக்கும் ரெஸ்டிரிக்டட் பைவே என்ற வழிக்குக் கத்தரிப்பூ நிற அம்பும், எல்லா வாகனங்களுக்கும் திறந்த பைவேக்குச் சிவப்பு அம்பும் இருக்கும். நீலம், கத்தரிப்பூ, சிவப்பு ஆகிய மூன்றிலும் ஓட்டலாம், மஞ்சளில் கூடாது என்று மனத்தில் பதித்துக்கொண்டால், களத்தில் எழும் ஐயங்களில் பெரும்பாலானவை தீர்ந்துவிடும். ஆனால் இங்கிலாந்தின் பொதுவழிகளின் மொத்த நீளத்தில் மிதிவண்டிக்குத் திறந்தவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் என்பதால், வழி தேடுவதற்குச் சற்று உழைக்கத்தான் வேண்டும்.

அந்த 30ஆம் பிரிவு உரிமையோடு இரண்டு வரம்புகளையும் வைத்திருக்கிறது. குதிரைப்பாதையில் செல்லும் மிதிவண்டிக்காரர், நடப்பவர்களுக்கும் குதிரைக்காரர்களுக்கும் வழிவிட வேண்டும். இது வெறும் நற்பண்பன்று, சட்டக் கடமை. மேலும், அந்தப் பாதையை மிதிவண்டிக்கு ஏற்றதாகச் செப்பனிட வேண்டிய பொறுப்பு எவருக்கும் இல்லை. ஆகவே வரைபடத்தில் குதிரைப்பாதை என்று குறித்திருப்பதால் அது ஓட்டத் தகுந்ததாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. முழங்கால் ஆழச் சேறும், ஆளுயரப் பிரக்கன் புதரும், வண்டியைத் தோளில் சுமந்து ஏற வேண்டிய பாறைச் சரிவும் சட்டப்படி குதிரைப்பாதைகளே.

2000ஆம் ஆண்டின் நாட்டுப்புற மற்றும் வழியுரிமைச் சட்டம், மலை, கரம்பு, புல்வெளி ஆகியவற்றில் பாதையை விட்டு விலகியும் உலாவும் உரிமையை அளித்தது. அந்த உரிமை கால்நடையாகச் செல்பவர்களுக்கு மட்டுமே உரியது, மிதிவண்டிக்குப் பொருந்தாது. ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டின் சட்டம் பொறுப்புடன் நடந்துகொள்ளும் மிதிவண்டிக்காரருக்கும் பரந்த உரிமையை வழங்கியிருப்பதால், அங்கு ஓட்டிப் பழகியவர்கள் எல்லையைக் கடந்து தெற்கே வரும்போது இதை மறந்துவிடுவதுண்டு. இங்கிலாந்தின் நடைவழியில் மிதிவண்டி ஓட்டுவது பொதுவாகக் குற்றவியல் குற்றமாகாது. நில உரிமையாளருக்கு எதிரான உரிமையியல் அத்துமீறலாகும். சில இடங்களில் உள்ளூர் விதிகள் அதைக் குற்றமாகவும் ஆக்கியிருக்கின்றன. தண்டனை சிறியது என்பதற்காக அதைச் செய்யலாம் என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை. ஒவ்வோர் அத்துமீறலும், புதிய குதிரைப்பாதைகளைத் திறந்துவிடுமாறு நில உரிமையாளர்களிடம் பேசிக்கொண்டிருப்பவர்களின் கையைப் பலவீனப்படுத்துகிறது.

வரைபடத்தைப் படித்தல்

கைபேசிச் செயலிகள் வந்துவிட்ட இக்காலத்திலும் பிரிட்டனின் தேசிய வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் 1:25,000 அளவுள்ள எக்ஸ்புளோரர் வரைபடத்துக்கு ஈடாக எதையும் சொல்ல இயலாது. காகித வடிவில் ஆரஞ்சு நிற அட்டையுடன் வரும் அந்த வரைபடத்தில் பொதுவழிகள் பச்சை நிறத்தில் இருக்கும். குறுகிய கோடுகளின் வரிசை நடைவழி. நீண்ட கோடுகளின் வரிசை குதிரைப்பாதை. மேலும் கீழும் மாறி மாறிக் குத்துக்கோடுகள் கொண்டது ரெஸ்டிரிக்டட் பைவே. சிலுவைக் குறிகள் கொண்டது பைவே. பச்சைப் புள்ளிகளின் வரிசை ஒன்றும் உண்டு. அது பொதுமக்கள் செல்லக்கூடிய பிற வழிகளைக் குறிக்கும். அவற்றுட் பல தார் போடப்படாத பழைய ஊர்ச் சாலைகள் என்பதால், இரண்டு குதிரைப்பாதைகளுக்கு இடையிலான இணைப்பைத் தேடுபவருக்கு அவை பெரிதும் உதவும். இளஞ்சிவப்பு அட்டையுள்ள 1:50,000 லேண்ட்ரேஞ்சர் வரைபடம் நெடும்பயணத்தைத் திட்டமிட நல்லது; ஆனால் ஒரு வேலியின் எந்தப் பக்கத்தில் பாதை செல்கிறது என்பதை அதில் பார்க்க முடியாது.

அடுத்ததாகச் சமவுயரக் கோடுகளைக் கவனிக்க வேண்டும். எக்ஸ்புளோரர் வரைபடத்தில் அவை பெரும்பாலும் 5 மீட்டருக்கு ஒன்று, உயர்ந்த மலைப்பகுதிகளில் 10 மீட்டருக்கு ஒன்று என வரையப்பட்டிருக்கும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் தெற்கு இங்கிலாந்தின் வரைபடத்தையும் லேக் டிஸ்டிரிக்டின் வரைபடத்தையும் ஒரே கண்ணால் படித்தால், ஏற்றத்தின் கணக்குப் பாதியாகக் குறைந்துவிடும். புல்லும் சேறும் கல்லும் கலந்த பாதையில் மணிக்குச் சராசரியாக 10 கிலோமீட்டர் எனக் கணக்கிட்டு, கதவுகளைத் திறந்து மூடவும் வழி பார்க்கவும் தனியாக நேரம் ஒதுக்குவது முதல் சில பயணங்களுக்குப் பொருத்தமாக இருக்கும். தார்ச்சாலையில் எளிதாக 80 கிலோமீட்டர் செல்பவருக்கும் முதல் நாளில் 25 கிலோமீட்டர் போதுமானது.

மற்றவர்கள் பதிவேற்றிய தடங்களைச் செயலியில் இறக்கிக்கொண்டு ஓட்டுவது இன்று வழக்கமாகிவிட்டது. அந்தத் தடத்தில் பலர் சென்றிருக்கிறார்கள் என்பது மட்டுமே அதிலிருந்து தெரியும். செல்ல உரிமை இருக்கிறது என்பது தெரியாது. ஆகவே எந்தத் தடத்தையும் முதலில் எக்ஸ்புளோரர் வரைபடத்தின் மீது வைத்து, தொடக்கம் முதல் முடிவு வரை ஒவ்வொரு துண்டாகச் சரிபார்த்துவிட வேண்டும். அப்படிச் சரிபார்க்கும்போது ஒரு விநோதம் கண்ணில் படும்: ஒழுங்காகச் சென்றுகொண்டிருக்கும் குதிரைப்பாதை, எந்தக் காரணமும் தெரியாமல் நடுவயலில் நடைவழியாக மாறிவிடும். 1949ஆம் ஆண்டின் சட்டத்திற்குப் பிறகு பொதுவழிகளைக் கணக்கெடுத்த பணி பாரிஷ் எனப்படும் ஊர் எல்லைகளின்படி நடந்தது; ஓர் ஊர் குதிரைப்பாதை என்று பதிந்ததை அடுத்த ஊர் நடைவழி என்று பதிந்துவிட்டது. அத்தகைய இடத்தில் கம்பத்தின் அம்புக்குறியும் மஞ்சளாக மாறியிருக்கும். ஐயம் எழுந்தால், மாவட்ட நிர்வாகமான கவுன்ட்டி கவுன்சில் பராமரிக்கும் அறுதி வரைபடமே சட்டப்படி இறுதிச் சான்று. பல கவுன்சில்கள் அதை இணையத்திலும் காண வகைசெய்திருக்கின்றன.

இரண்டு வழிகள் அருகருகே ஓடும் இடங்களில் இன்னும் கூர்மையாகப் பார்க்க வேண்டியிருக்கும். பீக் டிஸ்டிரிக்டில் ஈடேல் பள்ளத்தாக்கின் மேல்முனையில் இருக்கும் ஜேக்கப்ஸ் லேடர் இதற்கு நல்ல சான்று. நடப்பவர்கள் நேராக ஏறும் கற்படிகள் ஒருபுறம் இருக்க, பொதிக்குதிரைகள் வளைந்து சென்ற பழைய வழி சற்று விலகிச் செல்கிறது. மிதிவண்டிக்கு உரியது அந்த வளைந்த வழியே. அதன் வழியே ஏறினால் ஈடேல் கிராஸ் கணவாயைத் தாண்டி ஹேஃபீல்டு ஊருக்கு இறங்கலாம். வட இங்கிலாந்தின் சிறந்த குதிரைப்பாதைகள் பலவும் இவ்வாறு வணிகத்துக்காகத் தோன்றியவை. டெர்வென்ட் பள்ளத்தாக்கிலிருந்து லாங்செட் செல்லும் கட் கேட் பாதை, விவசாயிகள் பெனிஸ்டோன் சந்தைக்கு ஆடுகளை ஓட்டிச் சென்ற வழி. ஒரு பாதை எதற்காகத் தோன்றியது என்று தெரிந்தால், அது எங்கே ஆற்றைக் கடக்கும், எந்த முகட்டை எந்தச் சரிவால் தொடும் என்பதை மூடுபனியிலும் ஓரளவு ஊகிக்க முடியும்.

மண்ணும் பருவமும்

இங்கிலாந்தில் பாதையைத் தேர்ந்தெடுப்பது என்பது பெரும்பாலும் மண்ணைத் தேர்ந்தெடுப்பதே. ஒரே நாளில், ஒரே அளவு மழைக்குப் பிறகு, ஒரு குன்றில் இனிதாக ஓட்டலாம். பத்து மைல் தள்ளி இன்னொரு குன்றில் சக்கரம் சுழலவே மறுக்கும். தென்கிழக்கில் சவுத் டவுன்ஸ் குன்றுகள் சுண்ணப்பாறையால் ஆனவை. அந்த வெண்பாறை நீரை விரைவாக உள்வாங்கிவிடும் என்றாலும், மேற்பரப்பு நனைந்தவுடன் சோப்புத் தேய்த்ததுபோல் வழுக்கும். அதில் பதிந்துள்ள சக்கிமுக்கிக் கற்கள் டயரின் பக்கச்சுவரைக் கத்திபோல் கிழிக்கும். அதற்கு வடக்கே வீல்டு பகுதியின் களிமண், அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை சக்கரத்துக்கும் சட்டகத்துக்கும் இடையில் அடைத்துக்கொண்டு வண்டியை நிறுத்திவிடும். அங்குள்ள குதிரைப்பாதைகளைக் கோடைக்கு ஒதுக்கிவிடுவதே அறிவு. இவ்விரண்டுக்கும் அருகிலேயே லீத் ஹில், ஹோம்பரி ஹில் ஆகியவை அடங்கிய சர்ரே ஹில்ஸ் குன்றுகள் கிரீன்சேண்டு எனப்படும் மணற்பாறையின் மீது அமர்ந்திருக்கின்றன. மணல் நீரை வடித்துவிடுவதால், லண்டனைச் சுற்றியுள்ளவர்கள் குளிர்காலத்தில் அங்கே செல்கிறார்கள்.

வடக்கே செல்லச் செல்லக் கணக்கு மாறுகிறது. பீக் டிஸ்டிரிக்டின் வடபகுதியில் உள்ள கிரிட்ஸ்டோன் என்னும் சொரசொரப்பான மணற்கல், நனைந்தாலும் டயருக்குப் பிடிப்பளிக்கும். ஆனால் அதைப் போர்த்தியிருக்கும் பீட் எனப்படும் கரிச்சேற்று நிலம் பஞ்சுபோல் நீரைத் தேக்கிவைக்கும். மேலே சொன்ன கட் கேட் பாதையைப் பல நாள் வறட்சிக்குப் பிறகோ, நிலம் உறைந்து இறுகிய பனிக்காலக் காலையிலோ ஓட்டுவதே முறை. யார்க்‌ஷயர் டேல்ஸின் சுண்ணாம்புக்கல்லோ இதற்கு நேர்மாறு: உலர்ந்திருக்கையில் விரைவான, இனிய தளம், காலடிகளால் மெருகேறிய இடங்களில் நனைந்தால் கண்ணாடிக்கு நிகர். லேக் டிஸ்டிரிக்டில் பலகைக் கற்களும் உருண்ட கற்களும் நிறைந்த கணவாய்ப் பாதைகள் ஆண்டு முழுவதும் கடினமானவையே. கார்பர்ன், வால்னா ஸ்கார் போன்றவற்றை ஓரிரு ஆண்டு அனுபவத்திற்குப் பிறகு வைத்துக்கொள்வது நல்லது.

ஈரமான பாதையில் செல்ல நேர்ந்தால், குட்டையைச் சுற்றிப் புல்வெளியில் ஏறாமல் அதன் நடுவே மெதுவாகச் செல்ல வேண்டும். ஒவ்வொருவரும் ஓரமாக விலகினால் ஓரடிப் பாதை இரண்டே குளிர்காலத்தில் சாலையளவு அகன்ற சேற்றுப் பட்டையாகிவிடும். பிரேக்கை இறுகப் பிடித்துச் சக்கரத்தைத் தேய்த்து இறங்குவதும் இதே கேட்டைச் செய்கிறது. அந்தத் தேய்ப்பில் விழும் பள்ளம் அடுத்த மழையில் ஓடையாகிறது. சேறு மிகுந்த நாளில் அந்தப் பாதைக்குப் போகாமலிருப்பதும் நல்ல ஓட்டுநருக்குரிய திறன் என்றே நான் கருதுகிறேன்.

பகல் நீளத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஜூனில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் பிற்பகல் நான்கு மணிக்கே லண்டனில் சூரியன் மறைந்திருக்கும், மரங்களுக்கு இடையில் இன்னும் முன்பாகவே இருட்டிவிடும். குளிர்காலத்தில் காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி இரண்டு மணிக்குள் முடியும் வட்டத்தையே தேர்ந்தெடுங்கள்.

தொடங்க ஏற்ற இடங்கள்

புதிதாகப் பழகுபவருக்கு டிரெயில் சென்டர் எனப்படும், மவுண்டன் பைக்குக்கென்றே அமைக்கப்பட்ட காட்டுப் பாதைகள் பாதுகாப்பான தொடக்கம். பொதுக் காடுகளை நிர்வகிக்கும் ஃபாரெஸ்ட்ரி இங்கிலாந்து இவற்றுட் பலவற்றை நடத்துகிறது. பாதைக்குக் கட்டணம் இல்லை. வாகன நிறுத்தத்துக்கு உண்டு. பாதைகளின் தரம் நிறத்தால் குறிக்கப்படும்: பச்சை எளியது, நீலம் நடுத்தரம், சிவப்பு கடினம், கறுப்பு மிகக் கடினம், ஆரஞ்சு நிறம் தாவல்களும் சரிவுகளும் நிறைந்த பகுதிகளைக் குறிக்கும். நீல அம்புக்குறி கொண்ட குதிரைப்பாதைக்கும் நீலத் தரமுள்ள காட்டுப் பாதைக்கும் தொடர்பே இல்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். குதிரைப்பாதைக்குத் தரக்குறியீடு எதுவும் கிடையாது.

ஃபாரெஸ்ட் ஆஃப் டீனில் வெர்டரர்ஸ் பாதை, கார்ன்வாலின் கார்டினம் காட்டில் பாட்மின் பீஸ்ட் பாதை, லேக் டிஸ்டிரிக்டின் வின்லேட்டரில் குவெர்கஸ் பாதை ஆகியவை நீலத் தரத்தில் அமைந்த நல்ல பயிற்சிக் களங்கள். ஸ்டாஃபர்ட்ஷயரின் கேனக் சேஸில் 2022ஆம் ஆண்டின் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளின் மவுண்டன் பைக் பந்தயங்கள் நடைபெற்றன. யார்க்‌ஷயரின் டால்பி காட்டில் 2010, 2011ஆம் ஆண்டுகளில் உலகக் கோப்பைச் சுற்றுகள் நடந்தன. இவ்விரண்டிலும் தொடக்கநிலையினருக்கான பாதைகளும் உண்டு. ஒருவழிப் பாதைகளில் எதிர்த்திசையில் செல்லக் கூடாது; முதல் சுற்றை மெதுவாக ஓட்டி, ஒவ்வொரு தாவலின் மறுபக்கத்தையும் கண்ணால் கண்ட பிறகே வேகத்தைக் கூட்ட வேண்டும்.

காட்டுக்குள் பலரும் தாமாக வெட்டிய, அடையாளப் பலகையற்ற பாதைகள் பல இடங்களில் உண்டு. சர்ரே ஹில்ஸின் ஹோம்பரி, பிட்ச் ஹில் குன்றுகளை உள்ளடக்கிய ஹர்ட்வுட் ஒரு தனியார் நிலம். 1926 முதல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டிருக்கிறது. அங்கு மிதிவண்டி ஓட்ட முடிவது நில உரிமையாளரின் நல்லெண்ணத்தால்தான். அத்தகைய இடங்களில் ஒரு பாதையில் தடுப்பு வைக்கப்பட்டிருந்தால் மறுபேச்சின்றித் திரும்பிவிட வேண்டும். புதிதாக மண்ணை வெட்டுவதோ மரக்கிளைகளை அடுக்கித் தாவல் கட்டுவதோ கூடவே கூடாது.

நெடும்பாதைகளை விரும்புவோருக்கு நேஷனல் டிரெயில் எனப்படும், ஏகோர்ன் என்ற ஓக் விதைச் சின்னம் தாங்கிய பாதைகள் உண்டு. வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை 160 கிலோமீட்டர் செல்லும் சவுத் டவுன்ஸ் வே, ஏறத்தாழ முழுவதுமாக மிதிவண்டிக்கு ஏற்றது. நடைவழியாக உள்ள சிறு துண்டுகளுக்கு மாற்றுவழி காட்டப்பட்டிருக்கிறது. தி ரிட்ஜ்வே பாதையில் ஓவர்டன் ஹில் முதல் ஸ்ட்ரீட்லி வரையிலான மேற்குப் பாதியில் தடையின்றி ஓட்டலாம். டெர்பிஷயரின் மிடில்டன் டாப்பில் தொடங்கிக் கம்ப்ரியாவின் ரேவன்ஸ்டோன்டேல் வரை 330 கிலோமீட்டர் செல்லும் பென்னைன் பிரைடில்வே, குதிரைக்காரர்களையும் மிதிவண்டிக்காரர்களையும் மனத்தில் கொண்டே உருவாக்கப்பட்டது. அதன் தென்பகுதி பழைய ரயில் தடத்தின் மீது செல்வதால் மழைக்காலத்துக்கும் ஏற்றது. நடுவே 76 கிலோமீட்டர் நீளமுள்ள மேரி டவுன்லி வட்டம், இரண்டு நாள் பயணமாகச் செல்வதற்குச் சிறப்பானது.

முதல் குதிரைப்பாதைப் பயணத்துக்கு ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், மேற்கு சசெக்ஸில் ஆம்பர்லி ரயில் நிலையத்திலிருந்து புறப்படுவதைச் சொல்வேன். லண்டன் விக்டோரியாவிலிருந்து நேரடி ரயில் உண்டு; வார நாள்களின் நெரிசல் நேர ரயில்களில் மடங்காத மிதிவண்டிக்கு அனுமதி இல்லாததால், சனி அல்லது ஞாயிற்றுக்கிழமை பொருத்தமானது. நிலையத்தின் அருகிலேயே சவுத் டவுன்ஸ் வே ஆருன் ஆற்றைக் கடந்து மேற்கே பரி ஹில் மீது ஏறுகிறது. ஏ29 நெடுஞ்சாலையைக் கடக்கும் இடத்தில் இறங்கி வண்டியைத் தள்ளிச் செல்லுங்கள். வாகனங்கள் விரைந்து வரும் சாலை அது. பிறகு பாதை, ரோமானியர் அமைத்த ஸ்டேன் ஸ்ட்ரீட் சாலை குறுக்கிடும் பிக்னார் ஹில் உச்சிக்கு, 225 மீட்டர் உயரத்துக்கு, இட்டுச் செல்லும். ஓஎல்10 என்ற எண்ணுள்ள எக்ஸ்புளோரர் வரைபடத்தில் இது முழுவதும் அடங்கும். களைப்பாக இருந்தால் வந்த வழியே திரும்பலாம். தெம்பிருந்தால் வரைபடத்தில் தெற்கே விரியும் காட்டுக் குதிரைப்பாதைகளைக் கோத்து வட்டமாக்கிக்கொள்ளலாம்.

வண்டியும் உடைமைகளும்

இங்கிலாந்தின் பெரும்பாலான குதிரைப்பாதைகளுக்கு முன்பக்க அதிர்வுத்தாங்கி மட்டும் உள்ள ஹார்ட்டெயில் வண்டியே போதும். சேற்றில் ஓட்டிய பின் கழுவிப் பராமரிப்பதும் எளிது. 2.3 அங்குல அகலத்துக்குக் குறையாத, இடைவெளி விட்டு அமைந்த பட்டன்கள் கொண்ட டயரும், உட்குழாய் இல்லாமல் அடைப்புத் திரவம் ஊற்றிய டியூப்லெஸ் அமைப்பும், சக்கிமுக்கிக் கல்லும் ஹாதார்ன் முள்ளும் நிறைந்த நிலத்தில் பெரும் துணை. ஆயினும் ஒரு மாற்றுக் குழாய், காற்றுக் கருவி, பலநோக்குக் கருவி, சங்கிலி இணைப்புக் கண்ணி, கியர் மாற்றியைச் சட்டகத்தோடு இணைக்கும் கியர் ஹேங்கர் ஆகியவை பையில் இருக்க வேண்டும். மழைச்சட்டை எந்த மாதத்திலும் தேவை. தலைக்கவசம் சட்டப்படி கட்டாயமில்லை. ஆனால் அது இல்லாமல் புறப்படக் கூடாது. மின்மிதிவண்டியானால் மோட்டார் 250 வாட்டுக்கு மிகாமலும், மணிக்கு 15.5 மைல் வேகத்தில் உதவி நின்றுவிடுவதாகவும் இருந்தால் மட்டுமே அது மிதிவண்டியாகக் கருதப்பட்டுக் குதிரைப்பாதையில் அனுமதிக்கப்படும்.

இறங்கும்போது இருக்கையைத் தாழ்த்தி, மிதிகட்டைகள் இரண்டையும் சமமட்டத்தில் வைத்து எழுந்து நின்று, முழங்கை முழங்கால்களைத் தளர்த்தி, பார்வையை முன்சக்கரத்தில் வைக்காமல் பத்துப் பதினைந்து மீட்டர் முன்னால் செலுத்த வேண்டும். வேகத்தை வளைவுக்குள் நுழையும் முன்பே குறைக்க வேண்டும். தயங்கும் இடத்தில் இறங்கி நடப்பதில் இழுக்கு ஏதுமில்லை.

எதிர்ப்படுவோர்

குதிரையை நெருங்கும் முறை, எல்லாவற்றிலும் முக்கியமாகக் கற்க வேண்டியது. பின்னால் சத்தமின்றி வரும் மிதிவண்டியை வேட்டையாடும் விலங்காக எண்ணி மிரளும் இயல்பு குதிரைக்கு உண்டு. அது துள்ளினால் மேலிருப்பவரின் உயிருக்கே ஆபத்து. ஆகவே நன்றாகத் தொலைவிலேயே வேகத்தைக் குறைத்து, மனிதக் குரலில் வணக்கம் சொல்லி, குதிரைக்காரர் பதில் சொன்ன பிறகு, இயன்ற அளவு இடைவெளி விட்டு, நடைவேகத்தில் கடக்க வேண்டும். அருகில் வந்து திடீரென்று மணியடிப்பது நன்மையைவிடத் தீமையையே செய்யும். எதிரே குதிரை வந்தால் நின்றுவிடுவதே சிறந்தது. நடப்பவர்களுக்கும் இதே மரியாதை உரியது; நாயுடன் வருபவர் அதைப் பிடித்துக்கொள்ளச் சற்று நேரம் கொடுங்கள்.

வழியில் உள்ள கதவுகளை எப்படிக் கண்டோமோ அப்படியே விட்டுச்செல்ல வேண்டும். மூடியிருந்ததை மூட வேண்டும்; விவசாயி வேண்டுமென்றே திறந்து வைத்திருந்ததை மூடினால் ஆடுமாடுகள் நீர்நிலைக்குச் செல்ல முடியாமற்போகலாம். மார்ச் முதல் மே வரை ஆடுகள் குட்டி ஈனும் காலம். மந்தை சிதறியோடாதபடி மெதுவாகக் கடக்க வேண்டும். கன்றோடு நிற்கும் பசுக்களுக்கும் கன்றுக்கும் இடையில் ஒருபோதும் செல்லாதீர்கள்; சுற்றிச் செல்ல முடியாவிட்டால் திரும்பிவிடுங்கள். ஆகஸ்ட் 12 முதல் மேட்டுநிலங்களில் குரவுஸ் பறவை வேட்டைக் காலம் தொடங்குகிறது. துப்பாக்கியோசை கேட்டாலோ கொடி பிடித்தவர்கள் தென்பட்டாலோ, நின்று, அவர்கள் கையசைத்த பிறகே தொடர வேண்டும்.

இடர் நேர்ந்தால்

பள்ளத்தாக்குகளில் கைபேசி அலை கிடைக்காத இடங்கள் நிறைய உண்டு. புறப்படும் முன் எந்த வழியாகச் சென்று எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை ஒருவரிடம் சொல்லிவையுங்கள். மலைப்பகுதியில் விபத்து நேர்ந்தால் 999 எண்ணை அழைத்து, முதலில் காவல்துறையையும் பிறகு மவுண்டன் ரெஸ்கியூ மீட்புக் குழுவையும் கேட்க வேண்டும். அதில் பணியாற்றுபவர்கள் தன்னார்வலர்கள், கட்டணம் எதுவும் இல்லை. இருக்கும் இடத்தை வரைபடத்தின் கட்டங்களைக் கொண்டு குறிக்கும் கட்டக் குறியெண்ணைச் சொல்லத் தெரிந்திருந்தால் மீட்பு விரைவாகும். பேச முடியாத அளவுக்கு அலை குறைவான இடத்திலும் குறுஞ்செய்தி போகக்கூடும். 999க்குக் குறுஞ்செய்தி அனுப்பும் வசதியை முன்கூட்டியே பதிவுசெய்துகொள்ள வேண்டும். எதுவும் இயலாதபோது, ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதலை ஊதி, ஒரு நிமிடம் பொறுத்து, மீண்டும் ஊதுவது உதவி கேட்கும் மரபுக் குறி.

கோடையில் பிரக்கன் புதர்களின் ஊடே சென்று வந்தால், வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் ஆகிய இடங்களில் உண்ணி கடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கான சிறு கருவியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். அடுத்த சில வாரங்களில் வட்டமாகப் பரவும் தடிப்போ காய்ச்சலோ தோன்றினால், லைம் நோயாக இருக்கக்கூடும் என்பதால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வண்டியையும் காலணிகளையும் அன்றே கழுவிவிடுங்கள். லார்ச் மரங்களை அழிக்கும் நோய்க்கிருமி சேற்றோடு ஒட்டிக்கொண்டு ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் பரவக்கூடியது. வழியில் குதிரைப்பாதையை மறித்த பூட்டிய கதவையோ விழுந்த மரத்தையோ உழுது அழிக்கப்பட்ட தடத்தையோ கண்டிருந்தால், அதன் கட்டக் குறியெண்ணையும் ஒரு படத்தையும் அந்தக் கவுன்ட்டி கவுன்சிலின் பொதுவழித் துறைக்கு அனுப்புங்கள். அந்த வழியைத் திறந்துவைக்கும் சட்டப் பொறுப்பு கவுன்சிலுடையது; எவரும் முறையிடாத அடைப்பு ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும்.